பனங்காடை கொடுத்த நீலம்

பிராணிகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேரிக்காட்டில் அவை மின்னஞ்சலும் அனுப்பிக்கொண்டிருந்தன. செம்மணல் மேட்டில் வளைக்கு ஒரு போன் இருந்தது. அந்தப் போன்களுக்கு முதுகில் மூடி கிடையாது. காற்று போய் வரட்டும் என்று அப்படியே விட்டிருந்தார்கள்.

மின்னஞ்சலில் எல்லா எழுத்தும் கறுப்புதான். வணக்கமும் கறுப்பு, நலமா என்பதும் கறுப்பு, "இந்தப் பக்கத்தில் வந்து பாருங்கள்" என்று கொடுத்திருக்கும் முகவரியும் கறுப்பு. அந்த முகவரியைத் தொட்டால் ஒன்றும் நடக்காது, கண்ணாடிதான் தேயும். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, மனதில் போட்டுக்கொண்டு, மேலே இருக்கிற கட்டத்தில் தட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் வேறு யார் வாசலிலாவது போய் நிற்க வேண்டியதுதான்.

அந்தக் காட்டில் பூங்கனி என்று ஒரு முள்ளெலி இருந்தாள். ரொம்பக் கூச்சம். "சாப்பிட்டியா?" என்று யாராவது கேட்டால்கூடப் பந்தாகச் சுருண்டுவிடுவாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு முள் கெட்டிப்பட்டது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளைக்குக் குத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதோடு படிப்பு முடிந்தது.

அவளுக்கு ஒரு மகள், பேர் பவளம். இப்போது பள்ளிக்கூடம் கட்டாமை டீச்சர் என்ற நில ஆமையின் பொறுப்பில் இருந்தது. டீச்சர் நல்லவர். முள் மெத்தென்று இருக்கும்போதே சேர்ந்துவிட்டால் கடைசி வகுப்பு வரைக்கும் படிக்கலாம் என்று சொல்லிவிட்டார். கெட்டிப்பட்ட பிறகு புதிதாகச் சேர முடியாது. பவளத்துக்கு முதுகில் அங்கங்கே முள் விறைக்க ஆரம்பித்திருந்தது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் டீச்சரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது.

"பவளத்தின் அம்மாவுக்கு வணக்கம். கீழே உள்ள பக்கத்தில் விண்ணப்பம் போடவும். இன்று பொழுது பனங்கூட்டத்துக்குப் பின்னால் இறங்கியதும் பக்கத்தைப் பூட்டிவிடுவேன்."

அதற்குக் கீழே முகவரி. ஒரு முழத்துக்கு இருந்தது.

பூங்கனி வளை வாசலில் உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். பக்கம் திறந்தது. "மணமகனா, மணமகளா? தோகை எத்தனை அடி?" என்று கேட்டது. அது மயில்களுக்கு வரன் பார்க்கிற இடம். பூங்கனி போனை மணலில் கவிழ்த்துப் போட்டுவிட்டு அப்படியே சுருண்டுகொண்டாள்.

"அம்மா, ஏன் பந்தாயிட்டே?" என்றாள் பவளம்.

"ஒண்ணுமில்ல. வெயிலு."

மறுபடி தட்டினாள். சர்க்கரை மொத்த வியாபாரம் செய்யும் எறும்புகள் வந்து எத்தனை மூட்டை வேண்டும் என்றார்கள். மறுபடி தட்டினாள். "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று வந்தது. இந்தத் தடவை ஒரு எழுத்துகூடப் பிசகவில்லையே என்று அவளுக்கு ஆச்சரியம். இன்னும் இரண்டு தடவை பார்த்தாள், அதே பதில்தான்.

பவளம் எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, டீச்சர் கையெழுத்துல எதுக்கு நம்பரு இருக்கு?"

அப்போதுதான் பூங்கனிக்கு உறைத்தது. முகவரி நீளமாக இருந்ததால் வரியின் ஓரத்தில் மடங்கி, அதன் வால் அடுத்த வரிக்கு வந்திருந்தது. அந்த வாலைத்தான் அவள் டீச்சரின் கையெழுத்து என்று நினைத்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு வாலையும் சேர்த்துத் தட்டினாள். நகம் வழுக்கி ஆறு ஒன்பதாகிவிட்டது. திரும்பவும் யாரும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். பனைகளின் நிழல் நீண்டு வளை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. மகளின் முதுகைத் தடவினாள். காலையில் மெத்தென்று இருந்த ஒரு முள் இப்போது விரலைக் குத்தியது.

பூங்கனி எழுந்தாள். போனை வாயில் கவ்விக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முள் நிறைந்த உடைமரத்தடிக்கு நடந்தாள். அங்கேதான் சிலந்தி குடியிருந்தாள். காடே அவளை எட்டுக்கால் மதினி என்று கூப்பிடும்.

"ஏட்டி, நீதானா!" என்றாள் சிலந்தி. "சுருளாம நடந்து வர்ற ஆளப் பாத்ததும் வேற யாரோன்னு நெனச்சேன். உன் முகமே இன்னைக்குத்தான் பாக்கேன்."

பூங்கனிக்கு உடம்பு வளைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றாள்.

"மதினி, இந்தக் கடுதாசில இருக்க முகவரில இருந்து டீச்சர் பக்கத்து வாசல் வரைக்கும் ஒரு நூலு கட்டித் தருவீங்களா? எழுத்தத் தட்ட வேண்டாம். நூலத் தொட்டா அதுவே இழுத்துட்டுப் போயிரணும்."

சிலந்தி எட்டுக் காலையும் நீட்டிச் சோம்பல் முறித்தாள். "கட்டுறதுக்கு என்ன? ஆனா எனக்கு எழுத்து தெரியாதுல்லா. எல்லாம் ஒரே கறுப்பா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. முகவரி எங்கன ஆரம்பிக்கி, எங்கன முடியிதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?"

வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்களால் அதற்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் முகவரியை நின்று பார்த்ததே இல்லை. காலையிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவள் பூங்கனி ஒருத்திதான்.

"மதினி, நல்லாப் பாருங்க. எல்லா முகவரிக்கும் ஒரே வாசக்கால்தான். முதல்ல நாலஞ்சு எழுத்து, அப்புறம் மேல ஒண்ணும் கீழ ஒண்ணுமா ரெண்டு புள்ளி, அதுக்குப் பக்கத்துல சாஞ்ச கோடு ரெண்டு. அது எங்க நிக்குதோ அங்க ஆரம்பம். அப்புறம் உள்ள எங்கயும் இடைவெளியே இருக்காது. வரி மடங்குனாலும் விடாம போங்க. எங்க இடைவெளி வருதோ, அங்க முடிஞ்சுது."

"ஆத்தாடி, வாயத் தெறந்தா இவ்வளவு பேசுவியா நீ!" என்று சொல்லிவிட்டுச் சிலந்தி போனின் முதுகு வழியாக உள்ளே நுழைந்தாள். சாய்ந்த கோடுகளைத் தடவிக் கண்டுபிடித்தாள். முகவரியின் அடியிலேயே நூலை ஓட்டி, மடங்கிய இடத்தில் மடக்கி, மறுமுனையை டீச்சர் வாசலில் கட்டிவிட்டு வெளியே வந்தாள்.

பவளம் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு இடத்தில் தொட்டாள். "வணக்கம்" மட்டும் கொஞ்சம் அசைந்தது. நூல் அவ்வளவு சன்னம். எது முகவரி, எது வெறும் பேச்சு என்று கண்ணுக்கே தெரியவில்லை. பொழுதோ பனை ஓலைக்குள் புகுந்துவிட்டது.

பக்கத்துப் பனையின் மட்டையில் உட்கார்ந்திருந்த பனங்காடைப் பறவை சிரித்தது. "என்ன தங்கச்சிகளா, வெகு நேரமா அந்தப் போனுக்குத் தைலம் தேய்க்கிற மாதிரி இருக்கு!"

பூங்கனி தலைதூக்கிப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கும் பனங்காடை மண்ணாங்கட்டி நிறத்தில் இருக்கும். பறக்கும்போது மட்டும்தான் சிறகு விரிந்து அதிலுள்ள நீலம் பளீரென்று அடிக்கும். வேற்று ஆணிடம் அதுவரை அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசினாள்.

"அண்ணாச்சி, உங்க நீலத்துல கொஞ்சம் தருவீங்களா?"

"எதுக்கு? இது என்ன சும்மா கிடக்கிற நீலமா?"

"இல்ல அண்ணாச்சி. உக்காந்திருக்கும்போது உங்க நீலம் யாருக்குத் தெரியுது? நீங்க பறந்து போற அந்த ஒரு நிமிஷம் நிமிந்து பாத்தவுகளுக்கு மட்டும்தான் தெரியும். முகவரியில பூசிட்டா எல்லாரு கடுதாசிலயும் அது எப்பவும் நிக்கும். பாக்கிறவுக, பனங்காடை நீலம்ல இதுன்னு சொல்லுவாக."

"இந்தப் பிள்ளையவா ஊமைன்னு சொன்னானுவ?" என்றது பனங்காடை. அதற்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. சிறகை விரித்து ஒரு உதறு உதறியது. நீலப் பொடி உதிர்ந்து போன்மேல் விழுந்தது. மற்ற எழுத்துகளில் பட்டதெல்லாம் உருண்டு ஓடிவிட்டது. பசையுள்ள நூல் ஓடிய இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. முகவரி முழுக்க நீலம், அடியில் நூலின் கோடும் நீலம்.

பவளம் தொட்டாள். அதற்குள் அவள் பக்கத்து நாவல் மரத்தடியில் பழம் பொறுக்கித் தின்றிருந்தாள், விரலெல்லாம் ஊதா. தொட்ட இடத்தில் அந்தக் கறை அப்பியது. யார் அதைப் பார்த்தார்கள்? நூல் விண்ணென்று இழுத்தது, டீச்சரின் பக்கம் திறந்தது.

பிள்ளையின் பெயர், பவளம். தாயார் பெயர், பூங்கனி. தாயார் படிப்பு, மூன்றாம் வகுப்பு. பூங்கனி ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டி அனுப்பினாள். பனைக்குப் பின்னால் பொழுது இறங்கியது, பக்கம் பூட்டிக்கொண்டது. பூட்டுவதற்கு முன்னால் ஒரு வரி வந்தது. "சேர்த்தாச்சு. திங்கட்கிழமை அனுப்பிவிடவும்."

"அம்மா, அப்ப நான் நாலாம் வகுப்புக்கும் போவேனா?"

"அதுக்கு மேலயும் போவே" என்றாள் பூங்கனி.

மறுநாளே காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. என் கடுதாசிக்கும் கட்டு, உன் கடுதாசிக்கும் கட்டு என்று ஒரே கூட்டம். சிலந்தி தன் ஆயிரம் பிள்ளைகளையும் வரிசையாக உட்கார வைத்தாள். பூங்கனி அவர்கள் முன்னால் நின்று, சாய்ந்த கோடுகளையும் இடைவெளியையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் போனுக்கு ஒருவராக உள்ளே குடிபோனார்கள். பனங்காடையும் ஒவ்வொரு போன்மேலும் பறந்து நீலம் உதறியது.

அன்றிலிருந்துதான் மின்னஞ்சலில் முகவரி மட்டும் நீலமாக, அடியில் ஒரு கோட்டோடு நிற்கிறது. ஒரு தடவை போய் வந்துவிட்டால், பவளத்தின் விரல் பட்ட மாதிரியே அதில் நாவல்பழக் கறை ஏறுகிறது. வழி கேட்க வாய் வராதவர்களும் விரலை வைத்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.