உச்சிவரை பொறுக்காதவன்

“அவனை அனுப்பிடலாம், தாயே. அவனுக்குப் பாடம் ஏறாது.”

பவளக்கொடி சொன்னது தன் மகனைப் பற்றி.

மலையடிவாரத்து மடத்தில் பாடம் கேட்க வருகிறவர்களுக்கு, வந்த மறுநாள் ஒரு சோதனை உண்டு. விடிந்ததும் இலையில் ஓர் எள்ளுருண்டை வைப்பார்கள். உச்சிப்பொழுது வரை தொடாமல் இருந்தால் இன்னொன்று கிடைக்கும். பாடத்தில் இடமும் கிடைக்கும். வைத்துவிட்டுப் போவதும், உச்சியில் திரும்பி வருவதும் பதினெட்டு வருஷமாகப் பவளக்கொடியின் வேலை. ஒருநாளும் அவள் நேரம் தவறியதில்லை.

இன்றைக்கு அவள் வாசலைத் தாண்டுவதற்குள் நல்லதம்பி தின்று முடித்துவிட்டான். ஏன்டா என்று கேட்டதற்கு, வெல்லம் கொஞ்சம் குறைச்சல் என்றான்.

குரு தாயம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பவளக்கொடியைவிடப் பத்து வயது இளையவள். அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

“புத்தி இருக்கறவன் யோசிச்சுப் பொறுப்பான். ஆசை இருக்கறவன் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுப்பான். இவன்கிட்ட ரெண்டும் இல்ல” என்றாள் பவளக்கொடி.

பெற்றவளே சொல்கிறேன், நம்பக் கூடாதா என்றும் கேட்டாள். மகன் என்று சலுகை காட்டினால் நாளைக்கு நாலு பேர் வாயில் விழ வேண்டும் என்றும் சொன்னாள்.

தாயம்மை கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று மாதமாகச் சிக்கிக் கிடந்த கிணற்று ராட்டினத்தை நேற்று ஓட வைத்தது யார் என்று கேட்டாள்.

அவன்தான்.

இங்கே வர எத்தனை நாள் நடந்தான் என்று கேட்டாள்.

ஐந்து நாள்.

“அப்போ புத்திக்கும் குறைவில்ல. ஆசைக்கும் குறைவில்ல.”

“பின்னே ஏன் தாயே பொறுக்கல?”

“தெரியலக்கா. இதுக்கு முன்னாடி அவனைக் காத்திருக்கச் சொன்னது எப்போ?”

பவளக்கொடி முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

“நான் இங்க வந்த அன்னிக்கு. அவனுக்கு எட்டு வயசு. என் தங்கச்சி வீட்டுப் படியில உக்கார வெச்சேன். விளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடறேன்னு சொன்னேன்.”

“எவ்வளவு நாள் காத்திருந்தான்?”

அவளுக்குத் தெரியவில்லை. நேற்று அவன் வந்ததிலிருந்து சாப்பிட்டாயா, குளித்தாயா, சித்தி சுகமா என்று எல்லாம் கேட்டிருந்தாள். இதைக் கேட்கவில்லை.

தாயம்மை அடுத்த பிடிக் கீரையை எடுத்தாள்.

பவளக்கொடி வெளியே வந்தாள். நல்லதம்பி துணிமூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். கிளம்பச் சொல்லி யாரும் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

அவள் கேட்டாள்.

அவன் முடிச்சை இறுக்கியபடியே யோசித்தான்.

“சரியாத் தெரியல. மீசை முளைக்கிற வரைக்கும் இருக்கும்.”