நண்டுத்துறையில் தேன் வடிந்த கதை

ராஜா ஒருவர், அவருக்கு மண் மூன்று விதம். வெகு வெகு காலத்துக்கு முன்னால் அப்படி ஒரு நாடு இருந்ததாம், கேளுங்கள்.

நாட்டின் பெயர் மூவளநாடு. மேற்கே மலை, நடுவே வயல், கிழக்கே கடல். ராஜாவின் பெயர் வெண்கோடன். நல்ல மனிதர்தான். யாரையும் அதட்ட மாட்டார், யார் பொருளுக்கும் ஆசைப்பட மாட்டார். ஆனால் கோட்டையை விட்டு வெளியே வந்ததே கிடையாது. மாடியில் ஏறி நின்றால் மலை நீலமாகத் தெரியும், வயல் பச்சையாகத் தெரியும், கடல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அவர் பார்த்த நாடு அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எல்லாமே எல்லாருக்கும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். படைவீரர்கள் முந்நூறு பேருக்கும் ஒரே அளவில் செருப்பு தைத்துக் கொடுத்தார். குட்டையானவன் செருப்பை இழுத்துக்கொண்டு நடந்தான். நெட்டையானவன் குதிகாலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நடந்தான். ராஜா மாடியிலிருந்து பார்த்து, "ஆகா, என்ன நியாயம்!" என்று பூரித்துப்போனார்.

அவருடைய அப்பா காலம் வரைக்கும் மலைக்காரர்கள் தேனை வரியாகக் கொடுத்தார்கள். வயல்காரர்கள் நெல் கொடுத்தார்கள். கடல்காரர்கள் கருவாடு கொடுத்தார்கள். இது வெண்கோடனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒருத்தருக்குத் தேன், ஒருத்தருக்குக் கருவாடு! இது எந்த ஊர் நியாயம்?" என்றார். உடனே பறை அறையச் சொன்னார்.

இனிமேல் ஒவ்வோர் ஊரும் தைப் பௌர்ணமிக்கு ஒரு குடம் தேன், ஒரு மூட்டை நெல், ஒரு கூடை கருவாடு கட்ட வேண்டும். மூன்றும் அவரவர் சொந்த மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும். தவறினால் அந்த ஊரின் தொழில் பறிபோகும். மலைக்காரருக்குப் பாறையில் இறங்கித் தேனெடுக்கும் கொடிக்கயிறு, வயல்காரருக்கு ஏர்மாடு, கடல்காரருக்குக் கட்டுமரம்.

நம்முடைய கதை ராஜாவைப் பற்றியது இல்லை. கிழக்கே கடலோரத்தில் நண்டுத்துறை என்று ஓர் ஊர். நாற்பது குடிசை, பதினொரு கட்டுமரம். அந்த ஊருக்குத் தலைவி வலம்புரி. காற்றை முகர்ந்து பார்த்தே இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லிவிடுவாள். அதனால் ஊர் கூடி அவளைத் தலைவியாக்கியிருந்தது. கதை அவளைப் பற்றியது.

பறை அடித்தவன் போனதும் ஊரே கொல்லென்று சிரித்தது. கோட்டான் என்று ஒரு கிழவர், வாய்த்துடுக்குக்காரர், நண்டு வளையைக் குனிந்து பார்த்து, "ஏம்பா, உள்ளே தேன் இருக்கா?" என்று கேட்டார்.

வலம்புரி சிரிக்கவில்லை. அவள் கண் கரையில் வரிசையாகக் கிடந்த பதினொரு கட்டுமரத்தின் மேல் இருந்தது. அவை போனால் நாற்பது அடுப்பும் அணைந்துவிடும்.

"சிரிச்சது போதும் பெரியப்பா. வேலையைப் பார்ப்போம்" என்றாள்.

முதலில் மணலில் நெல் விதைத்தார்கள். முளை எட்டிப் பார்த்தது. உப்புக்காற்று பட்டு மூன்றே நாளில் கருகிப்போனது. அடுத்ததாகப் பனைமரத்தில் பானை கட்டித் தேனீக்களுக்கு வீடு வைத்தார்கள். நாலு தேனீ வந்தது, கருவாட்டு வாடையை மோந்தது, வந்த வழியே திரும்பிவிட்டது. மூன்றாவது வழி ஒன்றுதான் பாக்கி இருந்தது. வலம்புரி இரண்டு கூடை கருவாட்டைச் சும்மாடு வைத்துத் தலையில் அடுக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள்.

சொந்த மண்ணில் விளையாததைக் கொடுப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும்தான் நடந்தாள்.

ஒரு பகல் நடந்தால் மூன்று பாதை சேரும் இடம் வரும். அங்கே பெரிய இலுப்பை மரம் ஒன்று. அதன் நிழலில் ஒரு பெண் மாட்டின் முதுகிலிருந்து நெல் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூங்கில் குழாய்களைத் தோளில் மாட்டிய ஒருவன் எறும்பை விரட்டிக்கொண்டிருந்தான். குழாயில் இருந்தது தேன் என்று எறும்பைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் சுமையை ஒருவர் பார்த்தார்கள். கேட்க வேண்டியதே இல்லை.

"உங்க ஊருக்கும் பறை வந்துச்சா?" என்றாள் நெல்லுக்காரி. அவள் பெயர் மருதாயி.

"வந்துச்சே! வாய்க்கால்ல மீன் பிடிச்சுக் காயப்போட்டீங்களா?" என்று கேட்டாள் வலம்புரி.

"போட்டோம். பூனை வந்து ராஜாவுக்கு முன்னாடியே வரி வசூல் பண்ணிட்டுப் போயிருச்சு."

மலைக்காரன் வேங்கையன் பெருமூச்சு விட்டான். "உங்களுக்காவது பூனை தின்கிற மாதிரி மீன் கிடைச்சுதே அக்கா. எங்க சுனையில பிடிச்ச மீனை, இலையில வச்சுட்டுத் தும்மினேன். காணோம்."

அவர்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. அப்புறம் நெல் கடலுக்கும் மலைக்கும் போயிற்று, தேன் வயலுக்கும் கடலுக்கும் போயிற்று, கருவாடு மலைக்கும் வயலுக்கும் போயிற்று.

அதோடு நின்றதா? இல்லை. அடுத்த பௌர்ணமிக்கு வலம்புரி உப்பும் கொண்டுவந்தாள். வேங்கையன் மிளகும் தினையும் கொண்டுவந்தான். மருதாயி வெல்லமும் வாழையிலையும் கொண்டுவந்தாள். ஊர்க்காரர்கள் கூடவே வந்தார்கள். இலுப்பை மரத்தடியில் நிற்க இடம் இல்லாமல் போயிற்று. நண்டுத்துறைப் பிள்ளைகள் முதன்முதலாகத் தேன் தொட்டுத் தினைமாவு தின்றன. மலையில் குழம்புக்கு உப்பு ஏறியது.

தைப் பௌர்ணமி வந்தது. எல்லா ஊரும் வரி கட்டியது. வரி அதிகாரி குடத்தை எண்ணினார், மூட்டையை எண்ணினார், கூடையை எண்ணினார். எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போய், "உங்கள் கட்டளையைக் கேட்டுக் கடற்கரையே தேனாக வடிகிறது மகாராஜா!" என்றார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "கடலோரத்துத் தேன்கூடா! அதை நான் என் கண்ணாலேயே பார்க்க வேண்டும். கட்டு பல்லக்கை!"

சேதி நண்டுத்துறைக்கு வந்தபோது ஊர் வெலவெலத்துப்போனது. ராஜா நாளைக்கே வருகிறார், தேன்கூட்டைக் காட்டு என்பார், நெல்வயலைக் காட்டு என்பார். உண்மை தெரிந்தால் கட்டுமரம் பதினொன்றும் போச்சு.

"வைக்கோலை உருட்டிப் பனைமரத்துல தொங்கவிடுவோம். தூரத்துல இருந்து பார்த்தா கூடு மாதிரி இருக்கும்" என்றான் ஒருவன்.

"வயலைக் கேட்டா?"

"நேத்துதான் அறுத்தோம்னு சொல்லுவோம்."

"தேனீ எங்கேன்னு கேட்டா?"

"மீன் பிடிக்கப் போயிருக்குன்னு சொல்லு!" என்றார் கோட்டான்.

வலம்புரி வலையை மடியில் போட்டுக் கிழிசலை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணியை விட்டால் மூன்று கண்ணி பிரிந்தது. வலையைக் கீழே வைத்தாள்.

"பொய் வேண்டாம். ஒன்னு சொன்னா அதைக் காப்பாத்த இன்னும் மூனு சொல்லணும். நாளைக்கு நல்லாச் சமைங்க. மீதியை நான் பார்த்துக்கிறேன்."

"பார்க்கிறதுக்கு மரம் மிஞ்சணுமே, வலம்புரி" என்றார் கோட்டான். அப்போது அவர் குரலில் துடுக்கு இல்லை.

மறுநாள் உச்சி வெயிலில் பல்லக்கு வந்து இறங்கியது. ராஜா மணலில் கால் வைத்தார், சூடு தாங்காமல் துள்ளினார். நல்ல பசி வேறு. பந்தலில் வாழையிலை போட்டு வைத்திருந்தார்கள். சுடச்சுடச் சோறு, மிளகு தூக்கலாக மீன் குழம்பு, சுட்ட மீன், தேன் பிசைந்த தினைமாவு, ஓரத்தில் உப்பு. வாசனையில் ராஜாவுக்கு நாக்கு ஊறியது.

கையை நீட்டப்போனார். வலம்புரி கும்பிட்டு நின்றாள்.

"ராஜா, ஒரு விண்ணப்பம். சொந்த மண்ணில் விளைஞ்சதுதான் செல்லும்னு உங்க கட்டளை. இலைக்கும் அதுதானே?"

"எல்லாவற்றுக்கும் அதுதான்" என்றார் ராஜா பெருமையாக.

"அப்படின்னா மன்னிக்கணும்" என்று சொல்லிச் சோற்றை எடுத்தாள். "இது வயல் நெல்லு." தினைமாவை எடுத்தாள். "இது மலைத் தினை, மலைத் தேன்." குழம்பை எடுத்தாள். "மீன் எங்களுது, மிளகு மலையோடது." கடைசியில் சுட்ட மீனையும் உப்பையும் ராஜாவின் கையில் வைத்துவிட்டு இலையையே உருவினாள். "வாழை மணல்ல வராது ராஜா."

ராஜாவின் உள்ளங்கையில் ஒரு துண்டு சுட்ட மீனும் ஒரு கல் உப்பும்தான் மிச்சம்.

"எங்க மண்ணு கொடுக்கிறது இவ்வளவுதான். தேனும் நெல்லும் இலுப்பை மரத்தடியில மாத்தி வாங்கிக் கட்டினோம். மாத்தினது நான். தண்டனை உண்டுன்னா எனக்குக் கொடுங்க. மரங்களை விட்டுடுங்க, நாற்பது வீடு அதை நம்பி இருக்கு."

"ஏமாற்று வேலை!" என்று வரி அதிகாரி குதித்தார். "மரங்களைப் பறிமுதல் செய்யுங்கள்!" வீரர்கள் கரையைப் பார்த்து நடந்தார்கள். பெண்கள் ஓடிப்போய் மரங்களின் முன்னால் நின்றார்கள்.

ராஜா கையிலிருந்த உப்புக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என் கோட்டைக்குள்ளே என்ன விளைகிறது?"

அதிகாரி விழித்தார்.

"கட்டளைதான், வேறென்ன!" என்றார் கோட்டான். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

ராஜாவின் மீசை துடித்தது. தோள் குலுங்கியது. பார்த்தால், சிரிக்கிறார்! வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

"நிறுத்துங்கள்!" என்று வீரர்களைக் கூப்பிட்டார். "சட்டம் எல்லாருக்கும் ஒன்று. இவர்கள் மரத்தைப் பறித்தால், முதலில் என் சிம்மாசனத்தைப் பறிக்க வேண்டும். நான் ஒரு கவளம்கூடச் சொந்த மண்ணில் விளைந்ததைத் தின்றதில்லையே! அம்மா, அந்த இலையைத் திரும்பப் போடு. பசி உயிர் போகிறது."

இலை திரும்ப வந்தது, சோறு வந்தது, குழம்பு வந்தது. ராஜா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும் மறுபடியும் பறை அறையச் சொன்னார். ஊர் ஒரு கணம் நடுங்கித்தான் போனது. ஆனால் இந்த முறை சேதி வேறு. மலைக்காரர் மலையில் கிடைப்பதைக் கொடுக்கலாம், வயல்காரர் வயலில் விளைவதைக் கொடுக்கலாம், கடல்காரர் கடல் தருவதைக் கொடுக்கலாம். அந்த வரியை வைத்து இலுப்பை மரத்தடியில் சந்தைக்குப் பந்தல் போடப்படும், கிணறு வெட்டப்படும், பாதைக்குக் காவல் போடப்படும்.

"எதையாவது ஒன்றுபோல வைக்காமல் எனக்குத் தூக்கம் வராதே" என்று ராஜா தலையைச் சொறிந்தார்.

"சந்தையில அளக்கிற மரக்காலை ஒன்னுபோல வையுங்க ராஜா. வேங்கையன் மரக்கால் ஒரு அளவு, மருதாயி மரக்கால் ஒரு அளவு. சந்தைக்குச் சந்தை சண்டை" என்றாள் வலம்புரி.

ராஜா துள்ளி எழுந்தார். அன்று முதல் மூவளநாட்டில் மரக்கால் எல்லாம் ஒரே அளவு. அதற்கு முத்திரை குத்தும் வேலை வரி அதிகாரிக்கு. மறுநாள் விடியலில் வலம்புரி காற்றை முகர்ந்து பார்த்து, "போகலாம்" என்றாள். பதினொரு கட்டுமரமும் கடலில் இறங்கின.

ஆகவே, எந்த மண்ணும் எல்லாவற்றையும் தந்துவிடாது என்பதை அறிந்து, அவரவரிடம் உள்ளதைப் பெற்றுக்கொண்டு, இல்லாததை மாற்றிக்கொள்ள நேர்மையான வழி செய்து கொடுப்பதே நல்ல ஆட்சி.