மோடத்தை அணைக்கும் ஆள்

நாலாவது தடவையாகச் சகாயம் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். கேமரா மாட்டும் கடையில் அவனுக்கு வேலை. கஞ்சி போட்ட வேட்டியோடு எதிரே நின்றார் வேதமாணிக்கம், ஓய்வுபெற்ற தாசில்தார்.

"வீட்ல இருந்தா போன்ல கேமரா தெரியுது. வெளிய போனா தெரியல. என்னத்தய்யா மாட்டுன? இன்னைக்குச் சரியாகலைன்னா உன் வேலை போயிரும். உன் முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

சகாயம் வயரைப் பார்த்தான், கேமராவுக்கு நெட் கொடுக்கும் மோடத்தைப் பார்த்தான். வழக்கம்போல எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பரண்மேல் தனி பிளக்கில் ஓடும் ரெக்கார்டர், நெட் இல்லாவிட்டாலும் பதிவு செய்துகொண்டே இருக்கும். பழைய பதிவுகளை ஓட்டிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"சார், தினமும் ஒருத்தர் மோடம் சுவிட்சை அணைச்சிட்டுப் போறாரு."

"என் வீட்டுக்குள்ளயா? எவன் அவன்? இப்பவே போலீஸைக் கூப்பிடுறேன்!"

"ஆளைக் காட்டிட்டா, கோளாறு என்மேல இல்லன்னு இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுவீங்களா சார்?"

"போடுறேன். காட்டு!"

டிவியில் படம் ஓடியது. கஞ்சி போட்ட வேட்டி ஒன்று வந்தது. ஃபேனை அணைத்தது, லைட்டை அணைத்தது, கரண்ட் வீணாகக் கூடாதென்று மோடத்தையும் அணைத்துவிட்டுச் சாவியோடு வெளியேறியது.

தாசில்தார் கண்ணாடியைத் துடைத்தார். "முகம் தெளிவா இல்லையே. யாருன்னு தெரியலை."

சகாயத்துக்கு அன்றைக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி.

"அப்ப சரி சார், போலீஸையே கூப்பிடுங்க. ஆளை அவங்க கண்டுபிடிக்கட்டும்."

தாசில்தார் பேனாவைக் கேட்டு வாங்கினார்.