ஆந்தைக்கு முன்னால் படுத்த வீராயி

ஒரு மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வெள்ளை எலிகள் கூட்டமாக வாழ்ந்தன. கண்ணாடிப் பெட்டிதான் வீடு. வேளைக்குத் தீனி, படுக்க மரத்தூள், ஒளிந்துகொள்ள ஒரு மண்குடுவை. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்பார்களே, அந்தக் கொடுப்பினை மட்டும் அவற்றுக்கு இல்லை.

பெட்டிக்கு மேலே ஒரு கேமரா தொங்கியது. எந்த எலி எவ்வளவு ஓடுகிறது, எது சோர்ந்து நிற்கிறது என்று அது ஓயாமல் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். புது மருந்து உடம்பை என்ன செய்கிறது என்று, ஆராய்ச்சி நடத்துகிற டாக்டரம்மா அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்.

எலிகளுக்கு இதெல்லாம் தெரியுமா? தெரியாது! கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்து, “அதோ ஆந்தை! கண்ணையே மூடாத ஆந்தை!” என்று நடுங்கிக்கொண்டிருந்தன.

எலிக் குலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நோவு வந்தால் வெளியே காட்டக் கூடாது. நொண்டுகிற எலியைத்தானே ஆந்தை முதலில் தூக்கும்? அதனால் சிவப்பு விளக்குக்கு முன்னால் எல்லா எலிகளும் துள்ளித் துள்ளி ஓடும். முனகுவதும் சுருள்வதும் குடுவைக்குள்ளேதான்.

இந்த வீராப்பில் எல்லோரையும் மிஞ்சியவள் வீராயி. அவளுக்கு ரோஷம் மூக்குக்கு மேலே! “எங்க அம்மா சாகிற அன்னைக்கும் ஓடிக்கிட்டேதான் செத்தா!” என்று மீசையை நிமிர்த்திக்கொண்டு சொல்வாள். இதிலே என்ன பெருமையோ! ஆனால் அவளுக்கு அது பெருமைதான்.

ஒரு நாள் தண்ணீரில் புது மருந்தைக் கலந்தார்கள். குடித்த எலிகளுக்குத் தலை சுற்றியது. கால் பின்னியது. வீராயியின் தம்பி பொரியான் எல்லோரிலும் சின்னவன். அவனுக்குத் தீனியே இறங்கவில்லை.

“அக்கா, என்னால நிக்க முடியலையே!”

“ஓடுடா தம்பி! ஆந்தை பார்க்குது! எனக்கும்தான் கால் நடுங்குது. நான் ஓடலையா?”

பொரியான் விழுந்து எழுந்து ஓடினான். அந்தப் பாவத்தைப் பார்க்கச் சகிக்காது.

சுவரில் ஒரு பல்லி இருந்தது. அது கேமராவுக்குப் பின்னாலேயே குடியிருக்கிற பல்லி. “இச், இச்!” என்று கொட்டிவிட்டுக் கீழே வந்தது.

“ஏ வீராயி! உனக்கு மூளை இருக்கா? அது ஆந்தை இல்ல தாயி! அது ஒரு யந்திரம். நீங்க நல்லா ஓடுறீங்கன்னு அது போய்ச் சொல்லுது. ‘அடடே, மருந்து ஒண்ணும் செய்யலையே! நாளைக்கு இன்னும் கூட்டிக் கொடுக்கலாம்’னு டாக்டரம்மா சொல்றாங்க. என் காதால கேட்டேன்!”

“கூட்டிக் கொடுப்பாங்களா?”

“ஆமா! உன் தம்பி அதைத் தாங்குவானா, நீயே பாரு!”

வீராயி திரும்பிப் பார்த்தாள். பொரியான் குடுவைக்குள் சுருண்டு கிடந்தான். மூச்சு வாங்கியது. அவள் மறுபடியும் பல்லியை நிமிர்ந்து பார்த்தாள்.

“பல்லி பேச்சை நம்புறதா? அது ஆந்தையாவே இருந்துட்டா?”

“இருந்துட்டா உன்னைத் தூக்கிட்டுப் போகும். வேற என்ன!” என்றது பல்லி. அது அப்படித்தான், பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

வீராயி ஒரு நிமிஷம் யோசித்தாள். “தூக்கினா என்னைத் தூக்கட்டும். தம்பி பிழைக்கட்டும்!” என்று வெளியே வந்தாள். பெட்டிக்கு நட்டநடுவில், சிவப்பு விளக்குக்கு நேர் கீழே, நடுங்குகிற காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

மற்ற எலிகள் அலறின. “ஐயையோ! எழுந்திரு வீராயி! குலத்து மானம் போச்சு!”

“போகட்டும்! எனக்கு உடம்பு முடியல. முடியலன்னா முடியலதான்! ஏ ஆந்தை, நல்லாப் பார்த்துக்கோ!”

அவள் உடம்பு பயத்தில் வெடவெடத்தது. ஆனாலும் அவள் எழுந்து ஓடவில்லை. அதைப் பார்த்த பொரியான் தவழ்ந்து வந்து அக்காவின் பக்கத்தில் படுத்தான். பிறகு இன்னொரு எலி வந்தது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் ஓடுவதற்கு ஓர் எலிகூட மிச்சமில்லை.

‘பீப்! பீப்!’ என்று கம்ப்யூட்டர் கத்தியது. கதவு திறந்தது. மேலேயிருந்து ஒரு பெரிய கை இறங்கியது. “இதோ நகம் வந்துடுச்சு!” என்று எலிகள் கண்ணை இறுக மூடிக்கொண்டன. வீராயி மட்டும் மூடவில்லை. தம்பியை மறைத்துக்கொண்டு அந்தக் கையையே முறைத்தாள்.

அந்தக் கையில் கூர்நகம் இல்லை; அது கீறவும் இல்லை. வெதுவெதுப்பாக அவளைத் தூக்கியது.

“அடப்பாவமே! கால் இப்படி நடுங்குதே! மருந்தை நாளைக்குக் கூட்டியில்ல கொடுக்க இருந்தோம்! இந்த மருந்து வேண்டாம். உடனே நிறுத்துங்க, நல்ல தண்ணி வைங்க!” என்றார் டாக்டரம்மா.

நல்ல தண்ணீர் வந்தது. பொரியான் குடித்தான். மறுநாள் ஒரு கோதுமை மணியைக் கடித்தான். அதற்கு அடுத்த நாள் அக்காவின் மணியையும் பிடுங்கித் தின்றான்! “திங்கட்டும், திங்கட்டும்!” என்று வீராயி பூரித்துப்போனாள்.

குலத்து மானம் போச்சு என்று கத்தின எலிகள் என்ன ஆயின என்கிறீர்களா? “எங்க வீராயி இருக்காளே, ஆந்தையையே படுத்துக்கிட்டு முறைச்சவ!” என்று பக்கத்துப் பெட்டி எலிகளிடம் மார்தட்டிக்கொண்டு திரிந்தன. தட்டட்டுமே! அப்படி ஒருத்தி ஒரு குலத்தில் பிறந்தால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது?

வந்த நோவை மறைப்பவர் தம்மோடு சேர்த்துத் தம்மைச் சார்ந்தவரையும் கெடுப்பார். அதை உள்ளபடி காட்டத் துணிகிறவரே உண்மையான வீரர்.