தன்ஷிகாவை யாரிடம் கொடுப்பது?

கதையைக் கேளுங்கள், ஆனால் அவசரப்பட்டு யாரையும் திட்டிவிடாதீர்கள்.

திண்டிவனம் சாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. குழந்தைகள் தவறான கைகளில் சிக்காமல் காப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி எடுக்காத யாருக்கும் அங்கே வேலை கிடையாது என்று நிர்வாகம் கறாராகச் சொல்லிவிட்டது. பதினாறு வருட அனுபவசாலி திலகராஜ் கடைசி வரிசையில் தூங்கி வழிந்தார். மேற்பார்வையாளர் அன்வர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். சேர்ந்து ஒரு மாதமே ஆன பிலோமினா காது கொடுத்துக் கேட்டாள்.

மறுவாரம், ஞாயிறு மதியம். செயற்கை அலை அடிக்கும் வேவ் பூல் அருகே ஒரு குழந்தை தனியாக அழுதுகொண்டிருந்தது. பிலோமினா அதை அறைக்குள் கூட்டிப் போகவில்லை. நாலு பேர் பார்க்கிற பெஞ்சில் உட்காரவைத்துப் பெயரும் வயதும் கேட்டாள். திலகராஜ் வழக்கம்போல மைக்கைப் பிடித்தார்.

"மஞ்சள் கவுன் போட்ட நாலு வயசுப் பாப்பா, பேரு தன்ஷிகா, வேவ் பூல் கிட்ட இருக்கு. கூட வந்தவங்க உடனே வாங்க."

ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஓடி வந்தார். "எங்க அண்ணன் பொண்ணு சார். தன்ஷிகா, நாலு வயசு, மஞ்சள் கவுன்." குழந்தை முகத்தை மூடித் தேம்பியதே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எல்லாம் சரியாத்தானே சொல்றாரு, குடுத்துடும்மா" என்றார் திலகராஜ்.

அன்வர் வந்தவருடைய ஆதார் அட்டையைப் பார்த்து, போன் நம்பர் எழுதி, கையெழுத்தும் வாங்கினார். "இப்ப அனுப்பலாம்."

பிலோமினா குழந்தையின் கையை விடவில்லை. "அவங்க அம்மா அப்பா வரட்டும் சார்."

"என்னைப் பாத்தா பிள்ளை பிடிக்கிறவன் மாதிரியா இருக்கு?" என்றார் வந்தவர். கூடிய கூட்டம் அவரை முறைத்தது. பாவம், சொல்லும்போது எனக்கே மனசு கேட்கவில்லை.

பத்து நிமிடம் கழித்து அம்மா வந்தாள். குரல் கேட்டதும் குழந்தை ஓடிப் போய்க் கட்டிக்கொண்டது. "இவரு என் கொழுந்தனாரு! இப்படியா அவமானப்படுத்துவீங்க?" என்று கத்தியவள், பிலோமினாவை வேலையை விட்டு நீக்கச் சொல்லிப் புகார் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் ஊழியர்கள் மூவரையும் அழைத்தார்.

இதில் யார் செய்தது சரி? பிலோமினா வேலையில் இருக்கலாமா, கூடாதா?

விடை: பிலோமினா செய்ததே சரி. வந்தவர் சொன்ன அடையாளங்கள் அத்தனையும் ஒலிபெருக்கியில் வந்தவை. பூங்காவில் இருந்த எவரும் அப்படியே ஒப்பித்திருக்கலாம். ஆதார் அட்டை அவர் யார் என்று சொல்லும், குழந்தைக்கு யார் என்று சொல்லாது. அவர் சித்தப்பாதான் என்பது அம்மா வந்த பிறகு தெரிந்தது. பிலோமினா முடிவெடுக்க வேண்டியிருந்தது அதற்கு முன்னால். மேலாளரும் இதையே சொன்னார், வேலை தப்பியது. புறப்படும் நேரத்தில் பிலோமினா அந்தச் சித்தப்பாவிடம் போய் மன்னிப்புக் கேட்டாள்.

"சரி, அடுத்த தடவை நான் வந்து கேட்டா குடுப்பியாம்மா?" என்றார் அவர்.

"மாட்டேன் சார்" என்றாள்.