வாத்தியாருக்கு ஒரு வெற்றிலை

மேலக்காட்டு ஜமீனில் ஏகாம்பரம் என்று ஒரு வாத்தியார். ஜமீன்தார் மகள் செண்பகவல்லிக்கு மூன்று வருஷமாகத் தனியாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண் வாயே திறக்கவில்லை. ஆனால் குதிரை லாயத்துக்குப் புல் கொண்டுவரும் குருவம்மாவிடம் மளமளவென்று கணக்குப் போட்டாள். குருவம்மா ஒன்று கேட்பாள். பதில் வரும்வரை பேசாமல் புல்லை உதறிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான்.

வாத்தியாருக்குப் பொறுக்குமா? ஜமீன்தாரிடம் ஓடினார். "புல்லுக்காரி பாடம் சொல்வதா? துரத்துங்கள்!"

ஜமீன்தார் குருவம்மாவைக் கூப்பிட்டார். "நாளைக்குச் சபையில் கேட்பேன். பெண் பதில் சொல்லாவிட்டால் நீ ஊரைவிட்டே போகவேண்டும்."

மறுநாள் கேட்டார். "ஒரு குதிரைக்கு ஏழு கட்டுப் புல். எட்டுக் குதிரைக்கு?"

பெண் விரலை மடக்குவதற்குள், "ஐம்பத்தாறு! இதுகூடவா தெரியாது?" என்றார் பக்கத்திலிருந்த வாத்தியார். அடுத்த கேள்விக்கும் அதே கதைதான்.

"பெண் பேசவே இல்லை. கிளம்பு" என்றார் ஜமீன்தார்.

குருவம்மா நகரவில்லை. "போறேன் எசமான். அதுக்கு முன்னே வாத்தியாரய்யாவுக்கு உங்க கையால வெத்தலை கொடுத்துட்டு, இன்னும் ஒண்ணே ஒண்ணு கேளுங்க."

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே கொடுத்தார். அவர் கொடுத்த வெற்றிலையை மறுக்க முடியுமா? சபையில் துப்பத்தான் முடியுமா? வாத்தியார் வாய் நிறைய மென்றார்.

"ஒன்பது குதிரை. குதிரைக்குப் பதினாலு கட்டு?"

பெண் யோசித்தாள். ஜமீன்தாரே பதில் சொல்ல வாயெடுத்தார்.

"சும்மா இருங்க எசமான்!" என்றாள் குருவம்மா. சபையே நடுங்கிப்போயிற்று.

"நூற்றிருபத்தாறு அப்பா" என்றாள் பெண்.

ஜமீன்தார் வாத்தியார் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் மூன்று வருஷமாக இங்கே பாடமே நடக்கவில்லையா?"

"நல்லாத்தான் நடந்திருக்கு எசமான்" என்றாள் குருவம்மா. "படிச்சதுதான் வாத்தியாரய்யா."