கை மறைத்த பக்கம்

இதயராஜ் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். பூங்கோதை அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வயதில் நான்கு வருடம் இளையவர். ஆனாலும் ஒரு பயிற்சி முகாமில் அவர் எடுத்த வகுப்பைக் கேட்ட நாள் முதல் இதயராஜுக்கு அவர்தான் குரு.

"எங்க பள்ளிக்கு ஒருநாள் வாங்க டீச்சர். குறை இருந்தா மறைக்காமச் சொல்லணும்" என்று அழைத்தார். பூங்கோதை வந்தார்.

நாலாம் வகுப்பில் இருவரும் நிற்க, செல்லக்கிளி என்ற சிறுமி எழுந்து பாடத்தை வாசித்தாள். தடங்கலே இல்லை. பூங்கோதை அருகில் போய்ப் பக்கத்தின் மேல் மெல்லக் கையை வைத்தார். சிறுமி நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்தாள்.

"நல்ல குரல்ம்மா உனக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார் பூங்கோதை.

அறைக்குப் போனதும் இதயராஜ் கதவைச் சாத்தினார்.

"போன மாசம் அதிகாரி வந்தார். மிக நன்றுன்னு எழுதிட்டுப் போனார்."

"பக்கத்தை மறைச்சுப் பார்த்தாரா?"

"இல்ல."

"நீங்க?"

இதயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏற்கெனவே ஒன்பது பிள்ளைங்க வேற பள்ளிக்குப் போயாச்சு. இது வெளிய தெரிஞ்சா பள்ளியையே மூடிடுவாங்க. யார்கிட்ட சொல்லப் போறீங்க?"

"உங்ககிட்ட சொல்லியாச்சு."

"வேற?"

"வேற யாரு என்னைக் கூப்பிட்டாங்க?"

மறுநாள் இதயராஜ் பிள்ளைகள் அறியாத ஒரு கதையைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொருவராக வாசிக்கச் சொன்னார். பத்தொன்பது பேரில் ஐந்து பேர் வாசித்தார்கள். செல்லக்கிளி முதல் சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

ஆண்டுவிழாவில் நாலாம் வகுப்பு வாசிக்கும் என்று பெற்றோருக்குச் சொல்லியிருந்தார். அதை நிறுத்தினார். ஏன் என்று கேட்டவர்களிடம் உள்ளதைச் சொன்னார். வாசிக்கத் தெரிந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை பூங்கோதையின் வீட்டுக்குப் போனார்.

"பதினாலு பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியல. என்ன செய்யணும், சொல்லுங்க."

"எனக்கும் முழுசாத் தெரியாது."

"தெரியாமலா கை வெச்சீங்க?"

அவர் குரல் உயர்ந்திருந்தது. பூங்கோதை அதைப் பொருட்படுத்தவில்லை.

"வியாழக்கிழமை மத்தியானம் வர்றேன். ரெண்டு பேரும் பிள்ளைங்களோட உட்காருவோம்."

"அன்னைக்கும் வாசிக்கலேன்னா?"

பூங்கோதை காபி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வியாழக்கிழமை வாராவாரம் வரும், சார்."